கருந்துளைத் தாரைகள் விண்மீன்களை அழிக்க மட்டுமே செய்கின்றனவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலூக்கம் மிக்க விண்மீன் மண்டலங்களின் மையத்திலிருந்து பீறிடும் தாரைகளை (ஜெட் எனப்படும் குறுகிய துகள் பாய்ச்சல்களை)ப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பொருளுக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், தாரையானது தன் மண்டலத்திலுள்ள வாயுவையெல்லாம் ஊதி வெளியே தள்ளிவிட்டு, புதிய விண்மீன்கள் பிறக்கும் வாய்ப்பை ஒரேயடியாக அழித்துவிடுகிறது என்று கட்டுரை முடிவது, இத்துறையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் தெரியவந்தவற்றில் ஒரு சிறு பகுதிக்கே பொருந்தும். வாயுவை வெளியேற்றுவதைவிட, அதைக் குளிரவிடாமல் வைத்திருப்பதே தாரையின் பெரிய வேலை. சில இடங்களில் அதே தாரை விண்மீன்கள் பிறக்கவும் காரணமாகிறது. கட்டுரை இவ்விரண்டையும் தொடவே இல்லை என்பதால் இக்கடிதம் வழக்கத்தைவிட நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பெரிய விண்மீன் மண்டலங்கள் பெரும்பாலானவற்றின் நடுவில், சூரியனைவிடப் பல லட்சம் முதல் பல நூறு கோடி மடங்கு வரை நிறையுள்ள கருந்துளை ஒன்று இருக்கிறது. அதை நோக்கிச் சரியும் வாயு நேராக உள்ளே விழுந்துவிடுவதில்லை. சுழன்றபடியே வட்டாகப் பரவி, உராய்ந்து சூடேறி, இழந்த ஈர்ப்பாற்றலில் ஒரு பகுதியைக் கதிர்வீச்சாக வெளியிடுகிறது. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது நிறையில் 0.7 விழுக்காடுதான் ஆற்றலாகிறது; கருந்துளையை நோக்கி விழும் பொருளிலோ சுமார் 10 விழுக்காடு ஆற்றலாகக்கூடும். அவ்வட்டோடு சேர்ந்து முறுக்கப்படும் காந்தப்புலமும் கருந்துளையின் சுழற்சியும், மின்னூட்டம் பெற்ற துகள்களைச் சுழலச்சின் இரு திசைகளிலும் ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் வீசியெறிகின்றன. கருந்துளையின் சுழற்சியாற்றலைக் காந்தப்புலத்தின் வழியே வெளியே எடுக்க முடியும் என்பதை பிளாண்ட்ஃபோர்டு, ஸ்நாஜெக் என்னும் இரு அறிஞர்கள் 1977இல் கணக்கிட்டுக் காட்டினர். ஆகவே, கருந்துளை தான் விழுங்கியதையே திரும்ப உமிழ்கிறது என்ற கட்டுரையின் வரி சரியன்று. கருந்துளையின் எல்லையைத் தாண்டி உள்ளே போனது வெளியே வராது. தாரை எல்லைக்கு வெளியில்தான் உருவாகிறது.

இத்தகைய தாரை ஒன்று முதன்முதலில் கண்ணில் பட்டது 1918இல். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் பணியாற்றிய ஹீபர் கர்ட்டிஸ், எம்87 என்னும் மண்டலத்தின் மையத்திலிருந்து ஒரு நேர்க்கோட்டு ஒளிக்கீற்று நீண்டிருப்பதைக் குறித்து வைத்தார். அது என்னவென்று அன்று யாருக்கும் விளங்கவில்லை. சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள அதே மண்டலத்தின் மையக் கருந்துளையைத்தான் 2019 ஏப்ரலில் உலகமே படமாகப் பார்த்தது. அதன் நிறை சூரியனைப் போல் 650 கோடி மடங்கு. அதன் ஒளிவிடும் தாரையின் நீளம் சுமார் 5,000 ஒளியாண்டு. சூரியக் குடும்பத்தின் பரப்பளவுக்குள் ஏறத்தாழ அடங்கிவிடக்கூடிய ஒரு பொருள் தன்னைச் சுற்றிப் பல்லாயிரம், பல லட்சம் ஒளியாண்டு வரை உள்ள வாயுவின் நிலையைத் தீர்மானிக்கிறது என்பதுதான் இத்துறையின் வியப்பே. 1953இல் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் நிலையத்தில் ஜெனிசனும் இந்தியரான மிருணாள் குமார் தாஸ்குப்தாவும், ரேடியோ அலைகளை உமிழும் சிக்னஸ் ஏ என்னும் பொருள் ஒற்றைப் புள்ளியன்று, மண்டலத்தின் இருபுறமும் விலகி நிற்கும் இரண்டு பகுதிகள் என்று கண்டறிந்தனர். அவ்விரண்டு மடல்களும் தாரைகள் போய் மோதித் தேங்கும் இடங்கள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. தாஸ்குப்தாவின் பெயர் கட்டுரையில் ஒரு வரியிலாவது இடம்பெற்றிருக்கலாம்.

இனி வாயுவுக்கு வருகிறேன். விண்மீன் பிறக்க வேண்டுமானால் வாயு குளிர்ந்திருக்க வேண்டும். முழுச்சுழிக்கு (மைனஸ் 273 டிகிரி செல்சியஸ்) மேல் பத்து, இருபது டிகிரி அளவிலான குளிரில், மூலக்கூறு ஹைட்ரஜன் மேகமாகத் திரண்டால்தான் ஈர்ப்பு அதன் அழுத்தத்தை வென்று அதைச் சுருக்க முடியும். ஆனால், நூற்றுக்கணக்கான மண்டலங்கள் கூடியிருக்கும் பெருங்கொத்துகளில், மண்டலங்களுக்கு இடையே பல கோடி டிகிரி வெப்பத்தில், ஒரு கன சென்டிமீட்டருக்கு ஓர் அணுகூட இல்லாத அளவுக்கு மெலிந்த வாயு நிரம்பியிருக்கிறது. மெலிந்ததுதான் என்றாலும், மொத்தமாக நிறுத்துப் பார்த்தால் அக்கொத்திலுள்ள விண்மீன்கள் அனைத்தையும்விடப் பல மடங்கு கனமானது. அது எக்ஸ் கதிர்களாக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. கொத்தின் நடுவில் அடர்த்தி கூடுதல் என்பதால் அங்கே இழப்பும் வேகம். கணக்குப்படி, பல கொத்துகளின் நடுப்பகுதி வாயு நூறு கோடி ஆண்டுக்குள் குளிர்ந்து, ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரிய நிறை அளவுக்கு உள்ளே கொட்டி, அதே வேகத்தில் விண்மீன்களைப் பெற்றெடுத்திருக்க வேண்டும்.

அப்படி எதுவும் நடக்கவில்லை. 1999இல் விண்ணுக்குச் சென்ற சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆகிய இரு எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளும் நோக்கியபோது, வாயு ஓரளவுக்குக் குளிர்ந்து அத்தோடு நின்றுவிடுவது தெரியவந்தது. வெளிப்பகுதி வெப்பநிலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய வாயு, எதிர்பார்த்த அளவில் அங்கே இல்லை. இழக்கும் வெப்பத்தை யாரோ ஈடுகட்டிக்கொண்டிருக்க வேண்டும். (லாகூரில் பிறந்து சென்னையில் படித்த வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத்தான் சந்திரா தாங்கியிருக்கிறது என்பதைத் தங்கள் இளைய வாசகர்களுக்கு நினைவூட்டுவதில் தவறில்லை.)

ஈடுகட்டுவது தாரைதான் என்பதற்கு மிகத் தெளிவான சான்று, சுமார் 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள பெர்சியஸ் கொத்து. அதன் நடுவிலுள்ள என்ஜிசி 1275 மண்டலத்தின் தாரைகள் சுற்றியுள்ள சூடான வாயுவை விலக்கித் தள்ளி, அதில் பெரும் குமிழ்களை ஊதியிருக்கின்றன. எக்ஸ் கதிர்ப் படத்தில் அவை இருண்ட பொந்துகளாகத் தெரிகின்றன. ரேடியோ படத்தை அதன்மேல் வைத்தால், தாரை கொண்டுவந்த துகள்கள் அப்பொந்துகளை நிரப்பியிருப்பது புலப்படுகிறது. இதில் என்னை மிகவும் கவர்ந்தது அளக்கும் முறை. குமிழைச் சுற்றியுள்ள வாயுவின் அழுத்தத்தை எக்ஸ் கதிர்களின் ஒளிர்விலிருந்தும் வெப்பநிலையிலிருந்தும் கணித்துவிடலாம். குமிழின் கொள்ளளவைப் படத்திலிருந்து மதிப்பிடலாம். இரண்டையும் பெருக்கினால், அவ்வளவு வாயுவை நகர்த்த எவ்வளவு வேலை நடந்திருக்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். குமிழ் மிதந்து மேலேறிய காலத்தால் அதை வகுத்தால் தாரையின் திறன். இவ்வாறு பல கொத்துகளில் கணக்கிட்டபோது, தாரை செலுத்தும் திறன், வாயு எக்ஸ் கதிர்களாக இழக்கும் திறனோடு பெரும்பாலும் ஒத்துவந்தது. தாரைகளின் சுற்றுப்புறத் தாக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் இந்தக் கணக்கை விட்டுவிட்டு எழுத முடியாது என்பது என் தாழ்மையான கருத்து.

எண்ணூரில் அனல்மின் நிலையத்தின் பாய்லர் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இச்செயலை இப்படித்தான் என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது: நீராவியின் அழுத்தம் கூடினால் எரிபொருள் வரத்து தானாகக் குறையும், அழுத்தம் இறங்கினால் வரத்து கூடும். விண்ணிலும், வாயு குளிர்ந்தால் மையத்தை நோக்கிச் சரிகிறது; கருந்துளைக்கு இரை கூடுகிறது; தாரை வலுக்கிறது; வாயு மீண்டும் சூடாகிறது; இரை குறைகிறது; தாரை தளர்கிறது; பிறகு மறுபடியும் குளிர்ச்சி. பின்னூட்டம் என்று அறிஞர்கள் இதைத்தான் அழைக்கிறார்கள். ஆனால் எங்கள் கண்ட்ரோல் ரூமில் நிமிடங்களில் முடியும் சுற்று, அங்கே ஒரு முறை நடந்து முடியப் பல கோடி ஆண்டு ஆகிறது. குமிழின் ஆற்றல் வாயு முழுவதிலும் எவ்வாறு சீராகப் பரவுகிறது என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது. ஒலியலைகள், கொந்தளிப்பு, குமிழிலிருந்து கசியும் அண்டக்கதிர்கள் (மிகுவேகத் துகள்கள்) எனப் பல வழிகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஜப்பானின் ஹிட்டோமி செயற்கைக்கோள் 2016இல் செயலிழப்பதற்கு முன் பெர்சியஸ் கொத்தின் நடுவாயுவை அளந்தபோது, அதன் கொந்தளிப்பின் வேகம் வினாடிக்கு சுமார் 164 கிலோமீட்டர்தான் இருந்தது. பலரும் எதிர்பார்த்ததைவிட அது அமைதியாக இருந்தது. 2023இல் ஏவப்பட்ட எக்ஸ்ரிசம் செயற்கைக்கோள் இப்பணியைத் தொடர்கிறது.

ஒலியலை என்றதும் ஒரு சிறு விளக்கம். கருந்துளையின் குரல் என்ற பெயரில் கைப்பேசிகளில் சில ஆண்டுகளாகச் சுற்றிவரும் அந்த உறுமலை, கானாவுக்குப் பேர்போன எங்கள் பகுதி இளைஞர்கள் தாளம் சேர்த்தே பகிர்ந்து மகிழ்ந்தார்கள். அது கருந்துளை எழுப்பும் குரலன்று. குமிழ்கள் ஊதப்படும்போது பெர்சியஸ் வாயுவில் எழும் அழுத்த அலைகள் 2003இல் அறிவிக்கப்பட்டன. பியானோவின் நடு ஸ்வரத்திலிருந்து 57 ஸ்தாயிகள் கீழே, ஓர் அலை கடந்துபோக ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு ஆகும் அளவுக்குத் தாழ்ந்தவை அவை. காதுக்குக் கேட்கும்படி அவற்றைப் பல ஸ்தாயிகள் உயர்த்தித் தந்ததையே நாம் கேட்டோம். தங்கள் கட்டுரையும் அதைக் கருந்துளையின் குரல் என்றே குறிப்பிட்டிருப்பதால் இதைச் சொல்ல நேர்ந்தது.

பின்னூட்டம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சுமார் 570 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஃபீனிக்ஸ் கொத்தின் நடு மண்டலத்தில் ஆண்டுக்கு 500 சூரிய நிறைக்கு மேல் விண்மீன்கள் பிறக்கின்றன. நம் பால்வெளியில் அது ஒன்றிரண்டு சூரிய நிறைதான். ஃபீனிக்ஸிலும் தாரைகளும் குமிழ்களும் இருக்கின்றன. ஆனால் குளிர்ச்சியை முழுமையாகத் தடுக்க அவை போதவில்லை. மறுமுனையில், எம்எஸ் 0735 என்னும் கொத்தில் 2005இல் அறிவிக்கப்பட்ட குமிழ்கள் ஒவ்வொன்றும் ஆறு லட்சம் ஒளியாண்டுக்கு மேல் அகலமானவை. அதைவிடவும் ஆற்றல் மிக்க பழைய வெடிப்பின் தடயம் ஓஃபியுகஸ் கொத்தில் இருப்பது 2020இல் உறுதியானது. எக்ஸ் கதிர்ப் படத்தில் வாயுவின் விளிம்பு வளைந்திருப்பதை முன்பே கண்டவர்கள், இத்தனை பெரிய குமிழ் இருக்க வாய்ப்பில்லை என்று ஒதுக்கியிருந்தனர். அவ்வளைவுக்குள் ரேடியோ ஒளிர்வு நிரம்பியிருப்பதைக் காட்டிய கருவிகளில் புனே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் ஒன்று. 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களைக் கொண்ட அதன் பங்கு, உலக இதழ்களில் வந்த அளவுக்குத் தமிழில் வரவில்லை.

கட்டுரை சொன்ன வெளியேற்றமும் நடப்பதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஐசி 5063 என்னும் மண்டலத்தில் தாரை, வாயு நிறைந்த தட்டின் ஊடாகவே பாய்கிறது. அங்கே குளிர்ந்த மூலக்கூறு வாயுகூட வினாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்துச் செல்லப்படுவது அளவிடப்பட்டிருக்கிறது. ஆனால் தாரை எந்தக் கோணத்தில் புறப்படுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. தட்டுக்குச் செங்குத்தாகக் கிளம்பினால் அது விரைவில் வெளியேறிவிடும். தட்டிலுள்ள வாயு பெரும்பாலும் தப்பித்துவிடும். தட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் நீண்ட காலம் வாயுவுக்குள்ளேயே சிக்கி, அதைக் கலக்கி, சூடாக்கி, கொந்தளிக்கச் செய்துவிடும். புனேயிலுள்ள ஐயுகா வானியல் நிறுவனத்தினர் பங்குகொண்ட கணினி ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டியுள்ளன. குறைந்த திறனுள்ள தாரை வாயுவுக்குள் அடைபட்டு அதிகச் சேதம் விளைவிப்பதும், மிகுதிறன் தாரை துளைத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. அத்துடன், பிடுங்கியெறியப்படும் வாயு முழுவதும் மண்டலத்தின் ஈர்ப்பைத் தாண்டிப் போய்விடுவதில்லை. பெரும்பகுதி மீண்டும் கீழே விழக்கூடியதே. தாரை வேறு, குவேசார் எனப்படும் மிகப் பிரகாசமான மண்டல மையத்தின் கடும் ஒளி வாயுவைத் தள்ளி எழுப்பும் காற்று வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால்தான் இக்குழப்பம் நேர்ந்தது என்று நினைக்கிறேன்.

தாரை விண்மீன்களைப் பிறப்பிக்கும் இடங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது சென்டாரஸ் ஏ. தொலைவு சுமார் 1.2 கோடி ஒளியாண்டு. சித்திரை மாத இரவுகளில் சென்னையின் தெற்கு வானில் முப்பது டிகிரிக்குச் சற்று மேல் உயரத்தில் அது கடந்துபோகிறது. எண்ணூர், மணலி விளக்கொளியில் தெரியாதென்றாலும், இருண்ட ஊர்ப்புறத்தில் பைனாகுலர் இருந்தால் போதும். அதன் ரேடியோ மடல்கள் கண்ணுக்குத் தெரிவனவாக இருந்தால், முழுநிலவைப் போல் பதினாறு மடங்குக்கு மேல் நீண்டு வானில் விரிந்திருக்கும். அதன் வடக்குத் தாரையின் போக்கில், மையத்திலிருந்து பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளி, ஹைட்ரஜன் மேகம் ஒன்று கிடக்கிறது. அதை ஒட்டி, வேறு வகையில் எளிதில் விளக்க முடியாதபடி, இளம் நீல விண்மீன்கள் இழை இழையாகத் தென்படுகின்றன. தாரை கிளப்பிவிடும் பாய்ச்சல் மேகத்தை இறுக்க, இறுகிய பகுதி வேகமாகக் குளிர்ந்து, சுருங்கி, விண்மீன்களாகிறது என்பது விளக்கம். நம் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கியும் அவ்விண்மீன்களைப் படமெடுத்து ஆராய்ந்திருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைச் சுமந்து சென்றது, காசிமேடு, எண்ணூர் மக்கள் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்க்கும் அந்த பிஎஸ்எல்வி ராக்கெட்டுகளுள் ஒன்றுதான்.

இதைவிடத் தெளிவான சான்று மின்கோவ்ஸ்கியின் பொருள் என்னும் சிறு நீலத் திரள். என்ஜிசி 541 மண்டலத்தின் தாரை செல்லும் வழியில் அது கிடக்கிறது. அதன் விண்மீன்களில் பெரும்பாலானவை ஒரு கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுடையவை. தாரை வந்து மோதியிராவிட்டால் அவை பிறந்திருக்கவே மாட்டா எனக் கருதப்படுகிறது. எனினும், இதைப் பெரிதுபடுத்தி, கருந்துளைகள் விண்மீன்களை வளர்க்கின்றன என்று எதிர்த்திசையில் தலைப்பிடுவதும் பொருந்தாது. சென்டாரஸ் ஏ இழைகளில் மூலக்கூறு வாயு கணிசமாக இருந்தும், விண்மீன்கள் பிறக்கும் வேகம் மிகக் குறைவு. தாரை ஏற்படுத்தும் கொந்தளிப்பே அதற்குத் தடையாகவும் நிற்கிறது. அண்டம் முழுவதற்குமான கணக்கில் தாரையின் பங்கு பெரும்பாலும் தடுப்பதுதான். பெரிய மண்டலங்கள் அளவுக்கு மீறி வளராமல் இருப்பதை, இத்தடுப்பைச் சேர்க்காமல் 2006 முதல் வந்த கணினி மாதிரிகளால் விளக்க முடியவில்லை.

எங்கள் கிளை நூலகத்தில் மாலையில் படிக்க வரும் பிளஸ் டூ மாணவர் ஒருவர் தங்கள் கட்டுரையைக் காட்டி, "அப்போ நம்ம பால்வெளியும் ஒருநாள் இப்படி அழிஞ்சிடுமா சார்?" என்று கேட்டார். பால்வெளிக்கும் இதே கதி நேரும் என்ற கட்டுரையின் கடைசிப் பத்தி அவரை அவ்வாறு கேட்க வைத்ததில் வியப்பில்லை. நம் மண்டலத்தின் நடுக்கருந்துளை சூரியனைப் போல் சுமார் 43 லட்சம் மடங்கு நிறையுள்ளது. எம்87இன் கருந்துளையோடு ஒப்பிட்டால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்போது அது ஏறக்குறைய பட்டினி கிடக்கிறது. 2010இல் ஃபெர்மி தொலைநோக்கியின் தரவுகளில், பால்வெளித் தட்டுக்கு மேலும் கீழும் தலா சுமார் 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு இரு காமா கதிர்க் குமிழ்கள் கண்டறியப்பட்டன. அவற்றை ஊதியது கருந்துளையின் பழைய சீற்றமா, மையப் பகுதியில் பெருகிப் பிறந்து வெடித்த விண்மீன்களா என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை. சீற்றமே என்று வைத்துக்கொண்டாலும், அது நிகழ்ந்தபோது நம் சூரியனுக்கு எதுவும் ஆகவில்லை. அந்த மாணவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

கட்டுரையில் தமிழ்நாடு ஓரிடத்திலும் வராததும் எனக்குக் குறையாகவே பட்டது. ஊட்டி முத்தோரையில், நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே, அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சாரலில் 530 மீட்டர் நீளத்துக்கு வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நிறுவப்பட்ட ரேடியோ தொலைநோக்கி 1970இல் செயல்படத் தொடங்கியது. மலைச்சரிவு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்ததால், ஒரே திசையில் சுழற்றினாலே ஒரு ரேடியோ மூலத்தை மணிக்கணக்கில் பின்தொடர முடிந்தது. நிலா மறைக்கும் தருணத்தில் அந்த மூலங்களின் அளவை நுட்பமாக அளந்தார்கள். அவ்வாறு அளக்கப்பட்ட பலவும் இதே தாரைகள் ஊதிய மடல்கள்தாம்.

ஆகவே, அடுத்த ஞாயிறு அறிவியல் பக்கத்தில் கீழ்க்காணும் மூன்று இடங்களுக்கேனும் திருத்தக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: தாரை கருந்துளைக்குள்ளிருந்து வருவதாகக் கூறும் வரி, பெர்சியஸ் ஒலியைக் கருந்துளையின் குரல் என்ற வரி, பால்வெளிக்கும் இதே கதி நேரும் என்ற கடைசிப் பத்தி. கட்டுரையோடு அச்சிடப்பட்ட வண்ணப்படம் ஓவியரின் கற்பனை என்பதும் படத்தின் கீழ் குறிப்பிடப்படவில்லை. ஹெர்குலிஸ் ஏ மண்டலத்தின் தாரைகளை ஹபிள் தொலைநோக்கியும் அமெரிக்காவின் ரேடியோ தொலைநோக்கி அணியும் சேர்ந்து எடுத்த உண்மையான படம் பொதுவெளியில் கிடைக்கிறது. திருத்தக் குறிப்போடு அதையும் வெளியிட்டால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற மின்நிலையப் பணியாளர்,
திருவொற்றியூர், வடசென்னை.